மெலடோனின் சினைப்பையை எழுப்புமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்ப் பெண்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றி வருகிறது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு, தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் மாத்திரை சினைப்பையை ‘மறுபடி எழுப்பி’விடுமாம். வழக்கமான ஃபார்வர்டு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இதற்குப் பின்னால் நிஜமான ஆய்வகங்கள் இருக்கின்றன, மதிப்புள்ள இதழ்களில் வந்த கட்டுரைகளும் இருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்தால் ‘எழுப்பும்’ என்று எங்கும் இல்லை. சொல்லப்போனால், நம்பிக்கை தரும் ஆய்வுகள் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானதைச் சொல்கின்றன.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் வேலை பார்க்கும் கெமிஸ்ட் கடையில் இந்தக் கேள்வி எப்போதும் வேறொரு கேள்விக்குப் பின்னால் ஒளிந்துதான் வரும். முதலில் பிள்ளைக்கு இருமல் சிரப், மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை. பக்கத்தில் நிற்பவர் நகர்ந்த பிறகு கைப்பையிலிருந்து நாலாக மடித்த லேப் ரிப்போர்ட் வெளியே வரும். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். அறுபதைத் தாண்டியிருக்கும், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரடையால் அடிமட்டத்தில் கிடக்கும். “அக்கா, தூங்குற மாத்திரைதானே, கெடுதல் ஒண்ணும் இல்லையே? வாங்கிச் சாப்பிட்டுப் பாக்கட்டுமா?” தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் என்றால் தமிழில் கேட்பாள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேத்தி என்றால் ஆங்கிலத்தில், நடுவில் ஓர் ‘அக்கா’ போட்டு. இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு: வீட்டில் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நோயைப் பற்றி முதலில். நாற்பது வயதுக்குள் சினைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்வது அல்லது நிறுத்திக்கொள்வதுதான் முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு. 1942இல் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் இதை விவரித்தார். நோய் இதுதான் என்று சொல்ல, நான்கு மாதமாவது மாதவிடாய் வராமலோ தாறுமாறாகவோ இருக்க வேண்டும். கூடவே இரத்தத்தில் எஃப்.எஸ்.எச். 25க்கு மேல் இருக்க வேண்டும். முன்பு நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். 2024இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி, ஒருமுறை உயர்ந்திருந்தாலே போதும், சந்தேகம் இருந்தால் மட்டும் திரும்பப் பாருங்கள் என்கிறது. நூற்றில் ஒரு பெண்ணுக்கு என்று பாடப்புத்தகங்களில் இருந்த கணக்கும் மாறிவிட்டது. இப்போது ஏறக்குறைய 3.5 சதவீதம் என்கிறார்கள். டர்னர் நோய்க்குறி, எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் மாற்றம், தைராய்டையோ அட்ரினலையோ தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள், சினைப்பையில் செய்த அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று காரணங்கள் பல. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணமே தெரியாது. அந்தத் தெரியாமைதான் மாமியார் சொல்லும் கைமருந்திலிருந்து மெலடோனின் வரை எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதம் இருக்கும்போது ஒரு பெண்சிசுவின் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளியேறுபவை நானூறு சொச்சம்தான், மற்றதெல்லாம் தானாகவே கழிந்துபோகும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஆயிரம் அளவில் மிஞ்சும். இந்தக் கருமுட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்பைக்குள் பல வருடங்கள் உறங்குகின்றன. ஏதோ ஒரு நாள் ஒன்று விழிக்கும். விழித்ததிலிருந்து முதிர்ந்து வெடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். வழியில் பெரும்பாலானவை அழிந்துவிடும். விழித்த நுண்பை திரும்ப உறங்கப் போவதில்லை.

மெலடோனினுக்கு இங்கே என்ன வேலை? 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது வெண்புள்ளி நோய்க்கு ஏதாவது வழி. பிற்பாடுதான் இது இருட்டில் சுரந்து, வெளிச்சத்தில் அடங்கி, உடம்புக்கு இரவு வந்துவிட்டதைச் சொல்லும் ஹார்மோன் என்று தெளிவானது. ஆடு வளர்ப்பவர்களுக்கு இதன் இன்னொரு முகம் தெரியும். பகல் குறையும் பருவத்தில் இனம் சேரும் செம்மறிகளுக்கு மெலடோனின் வில்லையைத் தோலுக்கடியில் வைத்தால் பருவம் முந்திக்கொள்ளும். மனிதர்கள் செம்மறிகள் அல்ல. டர்பனில் ஜூனில் பத்து மணி நேரப் பகலும் டிசம்பரில் பதினான்கு மணி நேரப் பகலும் இருந்தாலும் இங்கே பிள்ளைகள் வருடம் முழுக்கத்தான் பிறக்கின்றன.

சினைப்பை கதைக்குள் வருவது 1987இல். முட்டை வெளியேறும் தறுவாயில் இருக்கும் நுண்பைக்குள் உள்ள நீரில் இரத்தத்தைவிட அதிக மெலடோனின் இருப்பதை அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிறகு, முட்டையைச் சுற்றியுள்ள செல்களே மெலடோனின் தயாரிக்கும் நொதிகளையும் அதை உணரும் ஏற்பிகளையும் வைத்திருப்பது தெரிந்தது. நுண்பை பெரிதாகப் பெரிதாக உள்ளே அளவும் கூடுகிறது. முட்டை வெடித்து வெளியேறுவது ஒருவகை அழற்சி மாதிரிதான். அந்த நேரத்தில் செல்களை அரிக்கும் ஆக்சிஜன் வேதிகள் பெருகும், மெலடோனின் அவற்றை மடக்கும். ஆக, உடம்பே சினைப்பைக்குள் ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. அந்தக் காவலை மாத்திரையால் பலப்படுத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. இதைக் கிறுக்குத்தனம் என்று சொல்லும் டாக்டர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எலிகள் இந்தக் கேள்விக்கு உற்சாகமாக ‘ஆம்’ என்றன. ஜப்பானின் யாமகுச்சி பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி டமுரா குழுவினர் பெண் சுண்டெலிகளுக்குப் பத்தாவது வாரத்திலிருந்து 43ஆவது வாரம் வரை குடிநீரில் மெலடோனின் கலந்து கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவு: வெறும் தண்ணீர் குடித்த எலிகளைவிட இவற்றுக்கு முதுமையில் அதிக முட்டைகள், நல்ல கருக்கட்டல். அதற்கு முந்தைய வருடம் கொரியாவிலிருந்து வந்த ஆய்வுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சினைப்பையை எப்படிக் காலி செய்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். முட்டைகளைக் கொல்வதோடு அது நிற்பதில்லை. உறங்கிக் கொண்டிருக்கும் நுண்பைகளைக் கூட்டமாகத் தட்டி எழுப்பிவிடுகிறது. எழுந்தவை வளரத் தொடங்கி, வளரும்போதே அழிந்து, கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. மெலடோனின் கொடுத்த எலிகளில் இந்தக் கூட்ட விழிப்பு அடங்கியது, உறங்கும் நுண்பைகள் அதிகம் மிஞ்சின.

அதாவது மெலடோனின் அங்கே செய்தது உறங்க வைக்கும் வேலை. செல்லுக்குள் பி.டென். என்ற புரதம் பிரேக் போல நின்று, ஏ.கே.டி. என்ற விழிப்புச் சமிக்ஞையை அடக்கி வைத்திருக்கிறது. கீமோ அந்தப் பிரேக்கைத் தளர்த்தியது, மெலடோனின் அதைக் காத்தது. இப்போது இன்னொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013இல் கசுஹிரோ கவமுராவும் ஸ்டான்ஃபோர்டின் ஆரன் ஷூவேயும் சேர்ந்து, சினைப்பை செயலிழந்த 27 பெண்களிடம் நிஜமாகவே ‘எழுப்பும்’ முயற்சி செய்தார்கள். சினைப்பையை வெளியே எடுத்து, துண்டாக்கி, அதே பிரேக்கை மருந்தால் தளர்த்தித் திரும்பப் பதித்தார்கள். மிச்சம் மீதி நுண்பைகள் இருந்தவர்கள் 13 பேர்தான். அந்தக் கட்டுரை வரும்போது ஒரு குழந்தை பிறந்திருந்தது. எழுப்புவது என்றால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். எலியில் மெலடோனின் பிரேக்கை இறுக்கியது. வாட்ஸ்அப் செய்தி இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கிவிட்டது.

குதிரில் இருக்கும் நெல்லை அந்துப்பூச்சி அண்டாமல் காப்பது ஒரு வேலை, காலியான குதிரில் நெல் நிரப்புவது வேறொரு வேலை. மெலடோனின் செய்யக்கூடும் என்று யாராவது நியாயமாக எதிர்பார்த்தால் அது முதல் வேலையைத்தான்.

எலிக் கணக்கில் இன்னொரு சிக்கல் அளவு. டமுராவின் எலிகள் குடித்த ஒவ்வொரு மில்லிலிட்டர் நீரிலும் 100 மைக்ரோகிராம் மெலடோனின். ஒரு சுண்டெலி நாளுக்கு ஐந்து மில்லி குடிக்கும் என்று வைத்துக்கொண்டு, எலி அளவை மனித அளவுக்கு மாற்றும் வழக்கமான வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோ பெண்ணுக்கு நாளொன்றுக்கு எழுபது, எண்பது மில்லிகிராம் வருகிறது. கடையில் கிடைக்கும் மாத்திரை இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம். அதோடு, ஆய்வகச் சுண்டெலி வகைகள் பலவற்றுக்குச் சொந்தமாக மெலடோனின் சுரப்பே கிடையாது. ஒரு பொருளே இல்லாத உடம்புக்கு அதைக் கொடுத்துக் கிடைக்கும் பலனை, அது இரவுதோறும் சுரக்கும் உடம்புக்கு அப்படியே எதிர்பார்க்க முடியாது.

மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும், உடலுக்கு வெளியே கருக்கட்ட வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் நடந்த ஆய்வுகள். டமுரா குழுவினரே 2008இல் 115 பெண்களைப் பற்றி எழுதினார்கள். முந்தைய முயற்சியில் பாதி முட்டைகள்கூடக் கருக்கட்டாதவர்கள் இவர்கள். 56 பேருக்கு இரவு 3 மில்லிகிராம் மெலடோனின், 59 பேருக்கு எதுவும் இல்லை. மெலடோனின் எடுத்தவர்களின் கருக்கட்டும் விகிதம் 20 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஏறியது. கர்ப்பமானவர்கள் மெலடோனின் எடுத்தவர்களில் 11, எடுக்காதவர்களில் 6. புள்ளியியல் கணக்குப்படி அந்த வித்தியாசத்தைத் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சினைப்பைக் கையிருப்பு குறைந்தவர்களிடம் ஈரானில் செய்து 2017இல் வெளியிட்ட சிறு ஆய்விலும் இதே ராகம்: முதிர்ந்த முட்டைகள் கூடின, கர்ப்பம் கூடவில்லை. பிறகு மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் முடிவு வந்தது. 160 பெண்கள், தினம் இருவேளை 2, 4, 8 மில்லிகிராம் என மூன்று அளவுகள். மாத்திரை நுண்பை நீர்வரை போய்ச் சேர்ந்தது, அளவு கூடியதை அளந்தே பார்த்தார்கள். ஆனால் முட்டைகளின் எண்ணிக்கையிலும் மாற்றம் இல்லை, கர்ப்பத்திலும் இல்லை. மெலடோனின் எடுத்தவர்களிலும் போலி மாத்திரை எடுத்தவர்களிலும் நூற்றுக்கு 22 பேர் அளவில்தான் கர்ப்பமானார்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஐ.வி.எஃப். சுற்றில் சில வாரங்கள் மாத்திரை எடுப்பது, ஒரு வருடப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் உள்ள முட்டைகளை மட்டும்தான் தொடும். உறங்கும் நுண்பைகளைக் காக்குமா என்று அறிய வருடக்கணக்கில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பு மோனாஷ் முடிவால் தோற்றுப்போனதாக ஆகாது. ஆனால் இந்தப் பெண்கள் எவருக்கும் சினைப்பை நின்றுபோயிருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களிடம் முட்டை இருந்தது. ஃபார்வர்டு செய்தி குறிவைப்பது முட்டை தீர்ந்துகொண்டிருக்கும் பெண்களை.

‘மாதவிடாய் திரும்பியது’ என்ற பேச்சுக்கு வேர் எது என்று தேடினால் 2001இல் இத்தாலியில் நடந்த ஆய்வு ஒன்றில் போய் நிற்கும். 42 முதல் 62 வயதுவரையான பெண்களுக்கு ஆறு மாதம் 3 மில்லிகிராம். அவர்களில் இளையவர்கள் சிலருக்கு ஹார்மோன் அளவுகள் மாறின, சிலருக்கு மாதவிடாய் எட்டிப் பார்த்ததாகவும் எழுதினார்கள். மாதவிடாய் நிற்கும் தறுவாயில் இருக்கும் பெண்களுக்கு அது நாலு மாதம் நிற்பதும் ஐந்தாம் மாதம் வருவதும் மருந்தே இல்லாமல் நடப்பதுதான். நாற்பதுக்குள் செயலிழந்தவர்களிலும் சினைப்பை சிலருக்கு விட்டுவிட்டு வேலை செய்யும். நூற்றில் ஐந்து பேர் அளவில் எந்த மருந்தும் இல்லாமலே கருத்தரிக்கிறார்கள். அந்த மாதம் எதைச் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடும். மெலடோனின், மலைவேம்பு, மாரியம்மன் கோயில் நேர்த்திக்கடன், எதுவாகவும் இருக்கலாம்.

அதிக அளவு எடுத்தால் அதிகப் பலன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1992இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் மெலடோனினைக் கருத்தடை மாத்திரையாகவே சோதித்தார்கள். தினம் 300 மில்லிகிராம், கூட புரோஜெஸ்டின் என்ற வகைச் செயற்கை ஹார்மோன் ஒன்று. முட்டை வெளியேறுவது அடங்கியது. யாரும் 300 மில்லிகிராம் எடுக்கப் போவதில்லை, சரிதான். ஆனால் இந்தப் பொருள் ஒரே திசையில் மட்டும் தள்ளும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல மாற்று மருந்து.

இரவு வேலை பற்றியும் கேட்பார்கள். ஆஸ்பத்திரி சிஸ்டர்களும், உம்ஹ்லாங்கா பக்கத்துக் கால் சென்டர்களில் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருப்பவர்களும் நம் வாடிக்கையாளர்களில் உண்டு. அமெரிக்கச் செவிலியர்கள் எண்பதாயிரம் பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், முந்தைய இரண்டு வருடத்தில் இருபது மாதமோ அதற்கு மேலோ சுழற்சி இரவுப்பணி செய்தவர்களுக்கு மாதவிடாய் சீக்கிரம் நிற்கும் வாய்ப்பு 9 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரவு வெளிச்சம் மெலடோனினை அடக்குவதால் இருக்கலாம். தூக்கக்கேடு, மன அழுத்தம், நேரம் தவறிய சாப்பாடு காரணமாகவும் இருக்கலாம். ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டைப் பார்த்து “நைட் ஷிஃப்ட்தான் காரணம்” என்று சொல்ல இது போதாது. வீட்டில் அப்படிச் சொல்லி அவள்மேல் பழி போடுபவர்களுக்கு இந்த எண்ணிக்கை உதவாது.

புட்டிக்குள் இருப்பதையும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மெலடோனின் மருந்துச் சட்டத்தின் அட்டவணைக்குள் வரும் பொருள். அமெரிக்காவில் அது சத்து மாத்திரை வரிசையில் நிற்கும். அங்கிருந்து அத்தை மகள் பெட்டியில் கொண்டுவந்த மிட்டாய் வடிவ மெலடோனினை என்னிடம் காட்டியவர்கள் உண்டு. அத்தகைய 25 தயாரிப்புகளை அங்கே சோதித்து 2023இல் எழுதினார்கள். 22இல் லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. இன்னொரு முனையில் மூன்றரை மடங்கு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், ஃபுளுவோக்சமின் போன்ற மனநல மருந்து எடுப்பவர்களும், வலிப்பு மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இதற்காகவெல்லாம் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. 3 மில்லிகிராம் மெலடோனினால் பெரும்பாலானவர்களுக்கு வருவது மறுநாள் காலை மந்தம், கொஞ்சம் தலைவலி. என் கவலை அதை எடுப்பவர்கள் எதை எடுக்காமல் விடுகிறார்கள் என்பதில். முப்பத்திரண்டு வயதில் சினைப்பை நின்றால் போவது பிள்ளைப்பேறு மட்டுமல்ல. இன்னும் இருபது வருடம் உடம்பில் ஓடியிருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் போகிறது. எலும்பு மெலிகிறது, இதயநோய் ஆபத்து கூடுகிறது, உறக்கம் கெடுகிறது, தாம்பத்தியம் வலியாகிறது. அதனால்தான் வழிகாட்டிகள், தடை ஏதும் இல்லாதவர்களுக்கு, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, ஐம்பது வரையாவது, ஈஸ்ட்ரோஜனையும் கருப்பை உள்ளவர்களுக்குக் கூடவே புரோஜெஸ்டிரோனையும் கொடுக்கச் சொல்கின்றன.

“ஹார்மோன் போட்டா கேன்சர் வரும்னு சொல்றாங்களே அக்கா.” இந்தப் பயம் 2002 ஜூலையில் வெளியான அமெரிக்கப் பெண்கள் நல ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63. இயல்பாக மாதவிடாய் நின்று பல வருடம் ஆனவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது கூடுதல் ஹார்மோன். முப்பத்திரண்டு வயதுக்காரிக்குக் கொடுப்பது அவள் வயதுத் தோழிகளின் உடம்பில் தானாகவே ஓடுவதை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால், ஹார்மோன் என்றால் விஷம், மெலடோனின் என்றால் ‘இயற்கை’ என்று ஒரு தராசு உருவாகிவிட்டது. மெலடோனினும் ஹார்மோன்தான் என்று சொன்னால் பலர் என்னை நம்புவதே இல்லை.

மெலடோனினுக்கு இடமே இல்லை என்று சொல்லவரவில்லை. தூக்கத்துக்கு எடுக்கலாம், டாக்டர் சொன்னால் ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்தே எடுக்கலாம். டென்மார்க்கில் எலும்பு மெலிந்த 81 பெண்களிடம், மாதவிடாய் நின்ற பிறகு, ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2015இல் எழுதினார்கள். தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி 1.4 சதவீதம் கூடியது. சிறியதுதான், கவனிக்கத்தக்கதுதான். ஆனால் ஆய்வாளர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் கீமோ தொடங்கப்போகும் இளம்பெண்கள். கொரிய எலிகள் காட்டிய வழி அது. அங்கே ஒரு மருந்து எப்படி நிரூபிக்கப்பட வேண்டும் என்பதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. சினைப்பையைத் தற்காலிகமாக அடக்கி வைக்கும் கோசரலின் ஊசியை மார்பகப் புற்றுநோய்க் கீமோவோடு கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டு வருடம் கழித்துச் சினைப்பை செயலிழந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 8 சதவீதம், போடாதவர்களில் 22 சதவீதம். மெலடோனின் பக்கம் இப்படி ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. கீமோவுக்கு முன் முட்டையை உறையவைப்பது பற்றிப் புற்றுநோய் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும், இரண்டாவது சந்திப்புக்குள் பலருக்கு மருந்து ஏறத் தொடங்கியிருக்கும்.

மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஐ.வி.எஃப். செலவை, காப்பீடுகள் கட்டாயம் தர வேண்டியவற்றைச் சொல்லும் இங்குள்ள குறைந்தபட்சப் பலன்கள் பட்டியல் ஏற்பதில்லை, அதைக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய. ஆனால் மெனோபாஸ் பராமரிப்பும் மாதவிடாய் நின்றுபோனதற்கான சிகிச்சையும், ஹார்மோன் மாற்று மருந்து உட்பட, அந்தப் பட்டியலுக்குள் இருக்கின்றன. கிளினிக்கில் டாக்டர் எழுதும் படிவத்தில் நோயின் குறியீடு சரியாக இருந்தால் போதும். மெலடோனினுக்குக் கைக்காசு போட்டுக்கொண்டு, ஹார்மோன் ஒட்டுப்பட்டைக்கு விலை அதிகம் என்று விட்டுவிட்ட ஒரு பெண்ணுக்கு, பட்டைக்கான பணத்தை அவள் மாதாமாதம் கட்டும் மெடிக்கல் எய்ட்தான் தந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.